கழுவிய என்ஜின்

எங்கள் காருக்கு இருபது வயது தாண்டிவிட்டது. கார்புரேட்டர் இல்லாத கார். பெட்ரோலை அளந்து பீய்ச்ச நான்கு இன்ஜெக்டர்களும், அவற்றுக்கு உத்தரவு போட டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டியும் உண்டு. பத்து வருடம் முன்னால் செகண்ட் ஹேண்டாக வாங்கிய புதிதில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இதன் முழுப் பொருள் பிறகுதான் புரிந்தது. கார் நின்றுபோனால் ஏன் நின்றது என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியும், நமக்குத் தெரியாது.

ஆயுத பூஜை அன்று காலை ஆறு மணிக்கு அந்த என்ஜினை நான் ஓஸ் பைப் வைத்துக் கழுவினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இதைச் சொல்ல எனக்கு ஏழரை மணி நேரம் பிடித்தது.

வீடு அரியலூரில், கல்லங்குறிச்சிக்குப் போகிற சாலையில். அலுவலகம் பெரம்பலூரில். நடுவில் இருக்கும் முப்பது கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும் போய்க்கொண்டே இருக்கும். அவை கிளப்பும் தூசி மாவு மாதிரி. வேலியோரத்துக் கருவேல மரங்கள் வெளுத்துப்போய், வயசான மாதிரி நிற்கும். மழை பெய்த மறுநாள் மட்டும் அவற்றுக்கு வயது குறையும். அந்தத் தூசி என் சட்டைக் காலரிலும் இருக்கும், காதிலும் இருக்கும், நான் எழுதுகிற வரிகளிலும் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். பாராட்டா என்று கேட்கவில்லை. என்ஜினிலும் இருந்தது. பானெட்டைத் திறந்தால் சலவைக்குப் போடாத வேட்டி நிறம்.

பூஜைக்குப் பொட்டு வைக்க பானெட்டைத் திறந்தேன். இந்த வெள்ளை மேலேயா சந்தனம் வைப்பது என்று தோன்றியது. பைப்பை எடுத்துவிட்டேன். தண்ணீர் பட்டதும் தூசி பாலாக ஓடியது. உலோகம் ஒவ்வொரு இடமாக வெளியே வந்தது. பத்து வருடம் தினம் ஓட்டியும் நான் பார்த்திராத ஒரு முகம் அங்கே இருந்தது. நன்றாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் அடித்தேன். பிறகு பழைய துண்டால் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பானெட்டை மூடினேன். மனைவி அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். வண்டியைக் கழுவியாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். அதில் பொய் இல்லை.

அந்தக் கார் அன்று அவளுக்கு வேண்டியிருந்தது. என்னைவிட அவளுக்கு.

அவள் கணக்கு டீச்சர். ஐப்பசி பிறந்தால் நாற்பத்தேழு. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்துகொண்டிருந்தவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. விக்கிரமங்கலம் தாண்டி ஒரு கிராமத்தில் நடுநிலைப் பள்ளி. வீட்டிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகிற ஒரு பஸ் பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறப்பதற்கு வெகு முன்னால் கொண்டுபோய் விடும், அடுத்தது முதல் பீரியட் முடிந்தபிறகு விடும். வேண்டாம் என்றால் பதவி உயர்வு உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம். வேண்டுமென்றால் விஜயதசமி அன்று போய்ப் பொறுப்பேற்க வேண்டும். அன்று சின்னப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஊர் ஊராக அழைத்து வருவார்கள், தலைமை ஆசிரியர் நாற்காலியில் ஆள் இருக்க வேண்டும்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மூன்று மாதம் கழித்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தாள். பூஜை அன்றைக்கு ரோடு காலியாக இருக்கும், அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் வரைக்கும் ஒருமுறை ஓட்டிப் போய்த் திரும்பி வந்துவிட்டால் தனக்கே தெரிந்துவிடும் என்றாள். முடிந்தால் மறுநாள் போய்ச் சேருவது. முடியாவிட்டால் கடிதம்.

அவள் போய்ச் சேர்ந்தால் கார் அவளுடையது. நான் பெரம்பலூருக்கு பஸ்ஸில்.

இதை நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டதில்லை. அந்த முப்பது கிலோமீட்டர் எனக்கு எழுதுமேசை மாதிரி. கண்ணாடியை ஏற்றிவிட்டு வரிகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். குன்னம் பக்கம் வருவதற்குள் ஒரு பத்தி தேறிவிடும், தேறாவிட்டால் திட்டிக்கொள்ளலாம். பஸ்ஸில் அப்படிச் செய்தால் பக்கத்து சீட்டு காலியாகும் என்பதைத் தவிர வேறு நன்மை இல்லை.

ஆகவே அவள் லைசென்ஸ் வாங்கிய வாரத்தில் நான் மூன்று விஷயம் சொன்னேன். லாரி ஜாஸ்தி, முதலில் டவுனுக்குள் ஓட்டு என்றேன். இரண்டு நாள் கழித்து முன் டயர் தேய்ந்திருக்கிறது என்றேன். அதற்கும் இரண்டு நாள் கழித்து, கிளட்ச் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பழக்கம் வேண்டும் என்றேன். மூன்றும் உண்மை. அவள் மூன்றையும் கேட்டுக்கொண்டாள். பதிலே சொல்லாமல் கேட்டுக்கொள்வது கணக்கு டீச்சர்களின் வழக்கம். எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பத்தரை மணிக்குப் பூஜை. வீட்டுக்குள் அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. தையல் மெஷின், மிக்சி, அரிவாள்மனை, சுத்தியல், சைக்கிள் பம்ப், போர்டில் வட்டம் போடுகிற மரக் காம்பஸ், லேப்டாப் எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. என் புத்தகங்களும் பேனாக்களும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கியாயிற்று. அடுத்த நாள் காலைவரை எதையும் தொடக்கூடாது. பிறகு வாசலுக்கு வந்து காருக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு டயருக்கு முன்னாலும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினாள். தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினாள்.

கிர்ர், கிர்ர், கிர்ர். ஸ்டார்ட்டர் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை.

அந்த முதல் நொடியில் எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதிவிட வேண்டும். நிம்மதியாக இருந்தது. ஒரு நொடிதான். அடுத்த நொடி காலை ஆறு மணியும் ஓஸ் பைப்பும் ஞாபகம் வந்தன. சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். சாதாரணமாகத்தான் பார்த்தாள்.

எதிர்வீட்டுக்காரர் ரிட்டயரான பஸ் டிரைவர். முப்பது வருடம் ஓட்டியவர் என்பதால் தெருவில் நிற்கிற எந்த வண்டியும் அவருடைய பொறுப்பு. தள்ளிவிட்டால் எடுத்துக்கும் என்றார். செகண்ட் கியரில் கிளட்சை அமுக்கி வைத்துக்கொண்டு, வேகம் வந்ததும் விடணும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவளும் தலையாட்டினாள். ஐந்து பேர் தள்ளினோம். எங்களில் அதிகம் தள்ளியது நான்தான். என் மேல் சந்தேகம் வராத அளவுக்குத் தள்ளினேன். எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. என்ஜின் ஓடாமலே எலுமிச்சம்பழம் நசுக்கிய கார் எங்கள் தெருவில் அதுதான் முதல். அவள் கிளட்சை விட்டாள், கார் ஒரு தடவை குலுங்கி நின்றது. தள்ளியவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் பொரி வாங்கிக்கொண்டு போனார்கள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டது அவள்தான். ரயில்வே கேட் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய மகள் இவளிடம் கணக்குப் படிக்கிறாள். வேறு யார் கூப்பிட்டிருந்தாலும் அன்று வந்திருக்க மாட்டார். பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, சுத்தமான கைகள். அவருடைய விரல்களின் உண்மையான நிறத்தை அன்றுதான் பார்த்தேன். கையில் ஒன்றும் இல்லை.

"டூல்ஸ் எல்லாம் பூசையில இருக்குங்க டீச்சர். நாளைக்கி காலையிலதான் கை வைப்பன். அது வரைக்கும் என்னால ஆனத பாக்கறேன்."

ஸ்பேனர் கிடையாது, ஸ்க்ரூ டிரைவர் கிடையாது, டெஸ்டர் கிடையாது. காதும் மூக்கும் விரலும் மட்டும். அவர் பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்த்தார். சந்தனப் பொட்டுகளோடு அது பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் கேட்டார். நான் எதிர்பார்த்த கேள்விதான், இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை.

"தண்ணி கிண்ணி ஏதும் பட்டுச்சா சார்?"

அவள் என் பக்கத்தில் நின்றாள். தேய்ந்த டயரும் முரண்டு பிடிக்கும் கிளட்சும் என் இன்னொரு பக்கத்தில் நின்றன. பத்து வருடமாக பானெட்டைத் திறந்து ஒரு துணி போட்டுத் துடைக்காதவன், அவள் ஓட்டப் போகிற அன்று காலையில் மட்டும் என்ஜினுக்குள் தண்ணீர் அடித்தேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

"இல்லியே" என்றேன். "துணியாலதான் தொடச்சேன்."

"அப்ப சரி" என்றார் அவர். டாக்டரிடம் நோயாளி சொல்வதை டாக்டர் நம்புகிற மாதிரி நம்பினார். அங்கிருந்து வைத்தியம் வேறு பாதையில் போனது.

முதலில் ஹாரன் அடிக்கச் சொன்னார். அடித்தது. ஹெட்லைட் போடச் சொன்னார். வெயிலில் கையைக் குவித்து வைத்துப் பார்த்தார், நன்றாக எரிந்தது. ஸ்டார்ட்டர் அடிக்கும்போது வெளிச்சம் எவ்வளவு மங்குகிறது என்று பார்த்தார். பேட்டரி நல்லாயிருக்கு என்றார். பின் கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, பின் சீட்டில் குப்புறக் காதை வைத்துப் படுத்தார். தலை மட்டும் உள்ளே, கால்கள் தெருவில்.

"டீச்சர், சாவிய ஆன் மட்டும் பண்ணுங்க. செல்ப் அடிக்க வேணாம்."

அவள் ஆன் செய்தாள். சீட்டுக்கு அடியில் டேங்கிலிருந்து ஒரு முனகல், இரண்டு நொடி, பிறகு நின்றது. அதுதான் பெட்ரோல் பம்ப், பெட்ரோலை முன்னால் தள்ளி அழுத்தம் கொடுத்துவிட்டுத் தானாக நிற்கும், அது சரியாக இருக்கிறது என்று எழுந்து சொன்னார். எனக்குக் கேட்டதா என்று கேட்டார். கேட்டது என்றேன். அன்று நான் சொன்ன உண்மைகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது எலி. இந்த ஊரில் நிறுத்தி வைத்த காருக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது சகஜம். விரலால் ஒயர்களை நீளத்துக்கும் தடவிக்கொண்டே போனார், கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்க்கிற மாதிரி. எங்கேயும் கடி இல்லை. சில சமயம் சாவியைப் பெட்டி அடையாளம் காணாது, வேறு சாவி இருக்கிறதா, அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். போட்டோம். கிர்ர், கிர்ர். பிறகு காருக்குப் பின்னால் போய்ச் சைலன்சர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளைத் தொடர்ந்து செல்ப் அடிக்கச் சொல்லி, மூக்கைக் கொண்டுபோனார். என்னையும் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னார். பச்சைப் பெட்ரோல் வாடை.

"பெட்ரோலு உள்ள போவுது. எரியாமலே வெளிய வருது. நெருப்பு விழல சார்."

பிறகு நெடுநேரம் என்ஜினுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பதில் ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. பெட்ரோலைப் பற்றவைக்கிற நாலு ப்ளக்குகளின் ஒயர்களும் அவர் கண்ணுக்கு முன்னால் வரிசையாகக் குழிக்குள் இறங்கியிருந்தன. நான் அவற்றைப் பார்க்காமல் வாழைக்கன்றைப் பார்த்தேன். மனைவி சுண்டலும் பொரியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார். யோசனையைச் சத்தமாகச் சொன்னார்.

"நாலும் ஒண்ணா சாவாது சார். ஒரு ஒயரு போவும், ஒரு ப்ளக்கு போவும், மிச்சம் மூணு உதறிக்கிட்டாவது ஓடும். நாலுலயும் ஒரே நேரத்துல நெருப்பு இல்லன்னா, காயில் போயிருக்கணும், இல்ல கீழ இருக்கற சென்சார் போயிருக்கணும். இல்லாட்டி தண்ணி எறங்கியிருக்கணும். தண்ணிதான் படலங்கறீங்க."

"ம்" என்றேன்.

"அப்ப டெஸ்டர் வச்சாத்தான் தெரியும். சென்சாரா இருந்தா திருச்சியிலேருந்து வரணும், பழைய வண்டி, கெடைக்க நாலு நாளாவும். நாளைக்கி காலையில டூல்ஸ எடுத்ததும் மொத வேல இதான் டீச்சர்."

நாளைக்குக் காலையில் தான் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும் என்று அவள் அவரிடம் சொன்னாள். வாடகைக் காரில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று நான் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பினாள். போய்ச் சேருவதற்கு ஒருநாள் வாடகைக் கார் கிடைக்கும், வருஷம் பூராவும் போய் வர என்ன கிடைக்கும் என்று கேட்டாள். ஓட்ட முடியும் என்று தெரியாமல் எதை நம்பிப் போய்க் கையெழுத்துப் போடுவது என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபமாக ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் ஸ்டீயரிங்கில் கட்டியிருந்த பூவைச் சரிசெய்துவிட்டு, சாவியை உருவி, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"சரி விடுங்க. எழுதிக் குடுத்துடறேன். உள்ளூர்லயே இருந்துக்கறேன்."

இன்றைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்கிற குரல். அந்தக் குரலில் இருபது வருட வேலை ஒன்று முடிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. வாசற்படியில் கால் வைத்துவிட்டாள்.

"காலையில என்ஜினுக்குள்ள தண்ணி அடிச்சேன்" என்றேன். "பைப்ப வச்சு. நெறைய."

மணி ஒன்றரை. மெக்கானிக் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பொரித் தட்டை பேட்டரி மேல் வைத்தார். குனிந்து முதல் ப்ளக் ஒயரை வெறும் கையால் மேலே இழுத்தார். அதற்கு எந்த டூலும் தேவையில்லை. சளக் என்று ஒரு சத்தம் வந்தது. ஒயரின் நுனியிலிருந்து சொட்டியது. உள்ளே குழியில் தண்ணீர் நின்றது, வானம் தெரிகிற அளவுக்கு. இரண்டாவதிலும் அப்படியே. நாலிலும்.

"கெணறு மாதிரி இருக்கு சார்" என்றார். அவர் ஒன்றரை மணி நேரம் காதையும் மூக்கையும் வைத்து உழைத்தவர். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

அவள் படியிலிருந்து இறங்கி வந்து குழிகளை எட்டிப் பார்த்தாள்.

"வேணும்னே செஞ்சீங்களா?"

"இல்ல."

"அவரு கேட்டப்ப ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"வேணும்னுதான் செஞ்சேன்னு நீ நெனப்பன்னு."

"இப்ப மட்டும் நெனக்க மாட்டனா?"

மெக்கானிக் மூன்றாவது குழியை மிகவும் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார். எனக்குப் பதில் இருந்தது, அது நீளமாக இருந்தது. அதில் வெள்ளைத் தூசி, பால் போல் ஓடிய தண்ணீர், புதிதாகப் பார்த்த முகம் எல்லாம் இருந்தன. எழுதினால் யாராவது அச்சில் போடுவார்கள். சொன்னால் அவள் சிரிப்பாள், அல்லது சிரிக்க மாட்டாள். கழுவினது உன் காருக்காகத்தான் என்று மட்டும் சொன்னேன். "என் கார்" என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

குழியிலிருந்து தண்ணீரை எடுப்பது எப்படி என்பது அடுத்த பிரச்சினை. ஒர்க்ஷாப்பில் காற்று அடித்தால் ஒரு நிமிஷம், கம்ப்ரசருக்கும் பூசை போட்டாயிற்று. சைக்கிள் பம்ப் இருக்கிறதே என்றேன், அதற்கும் பொட்டு வைத்திருக்கிறேன் என்றாள். பூசையில் வைக்காதது இந்த வீட்டில் என்னதான் இருக்கிறது என்று மெக்கானிக் கேட்டார். அவள் யோசித்தாள். துடைப்பம் என்றாள். எங்கள் வீட்டில் துடைப்பத்துக்குப் பூசை வழக்கம் இல்லை. அதிலிருந்து நீளமான ஈர்க்குச்சிகளாக நாலு உருவிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு பொட்டலம் விளக்குத் திரி. திரியைக் குச்சி நுனியில் சுற்றிக் குழிக்குள் விட்டால் உறிஞ்சிக்கொண்டு வந்தது. பிழிந்துவிட்டு மறுபடி விட்டாள். அவளே செய்தாள், என்னிடம் கொடுக்கவில்லை. பிழிந்த திரிகளை வைத்துக்கொள்ள என் உள்ளங்கை பயன்பட்டது.

எதிர்வீட்டு டிரைவர் வந்து நின்று பார்த்தார். விஷயத்தை ஒரு பார்வையில் புரிந்துகொண்டார்.

"என்ன சார், என்ஜினுக்குத் தீபாவளி குளியல் இப்பவே ஆயிடுச்சா?"

அவருடைய மருமகளிடம் தலைமுடி காயவைக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அது ஆயுதமா இல்லையா என்பதில் இரண்டு நிமிஷம் பேச்சு நடந்தது. மருமகள் அழகு நிலையம் வைத்திருந்தால் ஆயுதம், சொந்தத் தலைக்கு என்றால் இல்லை என்று மெக்கானிக் தீர்ப்புச் சொன்னார். ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, ஒவ்வொரு குழிக்கும் ஒயர் நுனிக்கும் சூடான காற்றுக் காட்டினார்கள். என்ஜினிலிருந்து சந்தனமும் ஷாம்பூவும் கலந்த வாசனை வந்தது. ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றும் டக் என்று உட்காருகிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்தார்.

எரியாத பெட்ரோல் உள்ளே நிறைந்திருக்கும், ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கிக்கொண்டு அடித்தால் பெட்டி பெட்ரோலை நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் விடும் என்று அவளுக்கு விளக்கினார். பயப்பட வேண்டாம் என்றார். நான் பயப்படவில்லை என்றாள். அமுக்கி அடித்தாள். கிர்ர், கிர்ர், கிர்ர், பிறகு ஓர் இருமல். இன்னொரு இருமல். கறுப்பாக ஒரு புகை வெளியே வந்து தெருவில் நின்றது. என்ஜின் குளிர்காய்ச்சல்காரன் மாதிரி உதறிக்கொண்டே பிடித்தது. மூன்றில்தான் ஓடுகிறது, விடாதீங்க என்றார் மெக்கானிக். அவள் விடவில்லை. அரை நிமிஷம் போயிருக்கும், நாலாவதும் வந்து சேர்ந்துகொண்டது. சத்தம் ஒன்றாயிற்று.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்ஜினைப் பார்த்தார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கை கழுவிக்கொண்டு, மகள் அரைப்பரீட்சையில் எப்படிச் செய்வாள் என்று விசாரித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறினார். போகிறபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொட்டு வைப்பதென்றாலும் இனிமேல் துணி போதும் சார் என்றார்.

மணி மூன்றாகியிருந்தது. பேண்ட் மாற்றிக்கொண்டு வருகிறேன், இரண்டு நிமிஷம் என்றேன்.

"நீங்க வர வேணாம்."

"ரோட்டுல லாரி..."

"நாளைக்கும் நீங்க வர மாட்டீங்கல்ல."

அது கணக்கு. அவள் முதல் கியர் போட்டாள், கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுபோயிற்று. மறுபடி ஸ்டார்ட் செய்தாள். வாழைக்கன்று இரண்டு பக்கமும் ஆட, மாலை ஆட, தெருமுனையில் இன்டிகேட்டர் போட்டுத் திரும்பிப் போனாள். திரும்பியது சரியான பக்கம்தான், இன்டிகேட்டர்தான் வேறு பக்கம் காட்டியது.

பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. படிக்கப் புத்தகம் இல்லை, எழுதப் பேனா இல்லை, எல்லாம் சரஸ்வதியிடம் இருந்தன. தெருவில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழங்களையும் பூசணித் துண்டுகளையும் கூட்டித் தள்ளினேன். உள்ளே போனேன், வெளியே வந்தேன். விக்கிரமங்கலம் சாலையில் ஒவ்வொரு வளைவையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன், எல்லா வளைவிலும் ஒரு லாரி வந்தது. பூஜை நாள், லாரிகள் எல்லாம் மாலை போட்டுக்கொண்டு நிற்கும் என்று எனக்கு நானே சொன்னேன். மனசுக்குள் ஓடுகிற லாரிகளுக்கு விடுமுறை கிடையாது. போன் செய்யக் கையில் எடுத்தேன். ஓட்டுகிறவளுக்குப் போன் செய்யக்கூடாது என்று கீழே வைத்தேன். நாலரைக்கும் அதையே செய்தேன்.

எதிர்வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போவலியா சார்? வண்டியில எடம் இல்லியா?"

இடம் இருந்தது என்றேன். காலையில் வந்த அந்த ஒரு நொடி நிம்மதியை அப்போது தேடிப் பார்த்தேன், எங்கேயும் இல்லை. அது எவ்வளவு சின்னது என்பதும், அதை மறைக்க நான் ஒன்றரை மணி நேரம் ஒரு மனிதரை என்ஜினைச் சுற்றி வரவைத்தேன் என்பதும்தான் இருந்தன. அவள் போகாமல் இருந்திருந்தால் இது எனக்குத் தெரிய வந்தே இருக்காது. பெரம்பலூர் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கருவேல மரங்களைப் பற்றி நல்ல வரிகள் சொல்லிக்கொண்டு போயிருப்பேன்.

ஐந்தே முக்காலுக்குத் தெருமுனையில் சத்தம் கேட்டது. நாலிலும் ஓடுகிற சத்தம். வாழைக்கன்று ஒன்று காணாமல் போயிருந்தது. அவள் காரைச் சாக்கடை ஓரம் கொண்டுவந்து, ஒரு சக்கரம் மூடிக்கல் மேல் ஏற, மற்ற மூன்றும் தெருவில் இருக்க, கோணலாக நிறுத்தினாள். இறங்கினாள். புடவை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நேராகத் தண்ணீர்ப் பானைக்குப் போய் இரண்டு சொம்பு குடித்தாள்.

ஆறு தடவை நின்றுபோனது, ஆறு தடவையும் நானே எடுத்தேன் என்றாள். பள்ளிக்கூடத்து வாசலில் திருப்ப இடம் இல்லை, ரிவர்ஸ் எடுக்கும்போது ஓர் ஆடு நகரவே மாட்டேன் என்றது, அந்தத் தெருப் பெண்கள் வந்து அதை விரட்டிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி புது டீச்சரா என்று கேட்டாளாம். இவள் ஆமாம் என்றாளாம். நாளைக்கு என் பேரனைச் சேர்க்கணும், எத்தனை மணிக்கு வருவீங்க என்று கேட்டாளாம். ஒன்பதுக்கு என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முதல்முறையாக என்னைப் பார்த்தாள்.

"பெரம்பலூருக்குக் காலையில மொத பஸ் எத்தன மணிக்குங்க?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

எனக்குத் தெரியவில்லை. பத்து வருடமாகத் தெரிந்துகொள்ளத் தேவைப்படவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்காமலே எல்லா நேரங்களையும் வரிசையாகச் சொன்னார். ஏழு இருபது பஸ்தான் எனக்குச் சரிப்படும் என்றார். முன்னால் இடம் இருந்தாலும் என்ஜின் பக்கம் உட்கார வேண்டாம், சூடு தாங்காது என்றார்.